லேப்ல கைய வெட்டிக்கிட்டா முதல்ல தண்ணி, மீட்டர் அப்புறம்

பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல ரேடியேஷன் சேஃப்டி கிளாஸ் எடுத்துட்டு வெளிய வரும்போது வள்ளியூர் பையன் ஒருத்தன் பின்னாடியே ஓடி வந்து, "சார், ஐசோடோப் எடுத்த ஊசி கையில குத்திட்டுன்னா ரத்தத்த நல்லா பிதுக்கி விட்ரணுமா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. ஐசோடோப்னு அவன் சொன்னது கதிர்வீச்சு விடுற பொருள. கூடங்குளம் பக்கத்துல இருக்கதால நம்ம ஊர்ல ரேடியேஷன்னா அணு உலைய மட்டுந்தான் நினைக்காங்க, ஆனா பாஸ்பரஸ்-32, அயோடின்-131னு சின்ன லேப்லயும் ஆஸ்பத்திரியிலயும் தினமும் புழங்குறாங்கல்லா.

பிதுக்காதீங்க. தானா வர்ற ரத்தம் வரட்டும், வெதுவெதுப்பான தண்ணியிலயோ சலைன்லயோ காயத்த நிறைய கழுவுங்க, பிரஷ் போட்டு தேய்ச்சு தோல ரணமாக்குனா உள்ள போறதுதான் கூடும். வெட்டுன விரல சட்டுன்னு வாயில வச்சு சப்புறது, காப்பிப்பொடிய அப்புறது எல்லாம் லேப்ல கூடவே கூடாது. ரத்தம் பீச்சி அடிச்சா அத நிறுத்துறதுதான் முதல் வேலை. பயந்துபோய் ஆளத் தொடாம தள்ளி நிக்கிறத நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது, ஏன்னா இந்த மாதிரி லேப் காயத்துல வைத்தியம் பாக்குறவங்களுக்கு வர்ற கதிர்வீச்சு டோஸ் பொதுவா ரொம்பக் கம்மி, கிளவுஸ், கவுன், மாஸ்க் போட்டா போதும்.

அளக்குறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பாஸ்பரஸ்-32 விடுற பீட்டா கதிர ஜிஎம் மீட்டர் (கதிர்வீச்சு அளக்குற கருவி) காட்டிரும், ஆல்ஃபா கதிர் அப்படியில்ல, மேல மெல்லிசா ரத்தமோ ஈரமோ இருந்தாலே மறைச்சிரும், மீட்டர் சும்மா இருக்கும், பொருள் உள்ள கிடக்கும். ஆல்ஃபா விடுற அமெரிசியம்-241ன்னா அதோட கூடவே வர்ற 59.5 கேஇவி (கதிரோட ஆற்றல் அளவு) காமா கதிரப் பிடிக்கிற கருவி வேணும். துடைச்ச பஞ்சு, துணி, குத்துன ஊசி எதையும் தூக்கிப் போடாம தனித்தனி கவர்ல நேரம் எழுதி வைங்க, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு அதுதான் சொல்லும்.

ஐசோடோப் பேரு ஆளோட கூடவே போகணும், மருந்தே அத வச்சுதான். சீசியத்துக்கு பிரஷ்யன் ப்ளூ, அயோடினுக்கு பொட்டாசியம் அயோடைடு, புளூட்டோனியம் அமெரிசியத்துக்கு அத உடம்புல பிடிச்சு யூரின்ல வெளிய தள்ளுற டிடிபிஏ ஊசி, அதுலயும் முதல் 24 மணி நேரத்துல கால்சியம் வகை, அப்புறம் ஜிங்க். 1976ல அமெரிக்காவுல ஹான்ஃபோர்டு அணு ஆலையில ஹரால்ட் மெக்லஸ்கிங்கிற 64 வயசுக்காரர் மூஞ்சியில ஒரு வெடிப்புல அமெரிசியம் சிதறுச்சு, கழுவிக் கழுவி டிடிபிஏ குடுத்து காப்பாத்துனாங்க, 1987ல இதய நோயாலதான் இறந்தாரு.

அப்புறம் ஒரு நாள் பூரா யூரின கேன்ல பிடிச்சுத் தரச் சொல்லுவாங்க. கூச்சப்பட்டு ஒரு தடவ விட்டாலும் கணக்கு தப்பிரும், உடம்புக்குள்ள எவ்வளவு போயிருக்குன்னு அத வச்சுதான் போடுறாங்க.