5 மில்லிகிராமும் ஒரு நோட்டும்

36 வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத, தொடங்கியதை முடிக்கவிடாத குறைபாடு) என்று தெரியவந்தது. மருந்து தொடங்கும் முன் டாக்டர், "12 வயசுக்கு முன்னாடியே இப்படித்தானா? சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். பெரியவர்களானாலும் சின்ன வயதில் அறிகுறி இருந்ததா என்று பார்ப்பார்களாம். அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீ தண்ணி பாட்டிலைத் தொலைக்காம வந்த நாள் உண்டா?" என்று ஆரம்பித்தவர், முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை பார்த்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். பிறகு மெத்தில்ஃபெனிடேட் 5 மில்லிகிராம், காலையும் மதியமும். "என்ன ஆகுதுன்னு நேரத்தோட எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர். எதையும் முடிக்காதவனிடம் நோட்டு எழுதச் சொல்கிறார்!

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. 10 ஆக்கிய பிறகு ஒரு நாள், பாத்திரம் கழுவ வேண்டும் என்று நினைத்தேன். கழுவிவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நினைப்பதற்கும் எழுந்து போவதற்கும் நடுவே வழக்கமாக நடக்கும் அந்த மல்லுக்கட்டு அன்று இல்லை. சிங்க் முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எதில் கவனம் வைக்க வேண்டும் என்று மாத்திரைக்குத் தெரியாது. அது வேலை செய்யத் தொடங்கும் அரை மணி நேரத்தில் கையில் போன் இருந்தால், அடுத்த 2 மணி நேரமும் போன்தான். இப்போதெல்லாம் விழுங்கியதும் மேஜையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

15க்கு ஏற்றியபோது நெஞ்சு படபடத்தது, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். நோட்டைப் பார்த்ததும் டாக்டர் குறைத்துவிட்டார். மதியம் பசியே கிடையாது; இரவு 9 மணிக்கு வீட்டையே தின்றுவிடும் பசி. 4 மணி நேரத்தில் மருந்து இறங்கும்போது வரும் எரிச்சல் இன்னும் மோசம், அதை வாங்கிக்கட்டிக்கொண்டது என் மனைவி. அதனால்தான் நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினேன். அதையும் காலை 11 மணிக்குப் போட்டால் இரவு 2 மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். (இந்த வகையில் சில மாத்திரைகளின் கூடு கரையாமல் அப்படியே மலத்தில் வரும். பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். நான் பயந்தேன்.)

பெரிய வேடிக்கை மருந்துச் சீட்டுதான். மனதைப் பாதிக்கும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலேயே இரண்டாம் பட்டியலில் உள்ள மருந்து இது, கட்டுப்பாடு அதிகம். எனக்கு ஒரு மாதத்துக்குத்தான் தருகிறார்கள், ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். மறதிக்காரன் மறக்காமல் இருந்தால்தான் மறதிக்கு மருந்து! ஒரு முறை தவறவிட்டு 4 நாள் மருந்தில்லாமல் இருந்தேன்.

அடுத்த சீட்டு 19ஆம் தேதி. 12ஆம் தேதிக்கே 2 அலாரம் வைத்திருக்கிறேன். முதலாவதை எப்படியும் அணைத்துவிட்டு மறந்துவிடுவேன்.