ஐந்து வாரம் துரத்திய 'டக்' சத்தம்: கடைசியில் பிடிபட்டது ஹேங்கர்

இன்று காலை இங்கே பினாங்கில் தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டி, தித்தி கெராவாங் வரை ஏறிவிட்டு வந்தேன். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் கியரில், எழுந்து நின்று மிதித்தும் பார்த்தேன், உட்கார்ந்து அழுத்தியும் பார்த்தேன். டயர் ஓடுகிற சத்தமும் என் மூச்சும் மட்டும்தான். ஐந்து வாரத்துக்குப் பிறகு என் சைக்கிள் வாய் மூடியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் வந்ததும் குளிக்கக்கூட இல்லை, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் இப்படித்தான் இருந்தது. வலது கால் மேலிருந்து இறங்கும்போது, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் ஒரு 'டக்'. ஒரு சுற்றுக்கு ஒரு முறை. குளுகோர் கடலோரச் சமதரையில் எவ்வளவு வேகம் போனாலும் வராது. பாலிக் புலாவ் பக்கம் ஏற்றம் தொடங்கியதும் ஆரம்பித்துவிடும். காதுக்கு அப்படியே பிபியிலிருந்து, அதாவது பெடல் தண்டான கிராங்க் சுற்றுகிற பேரிங்கிலிருந்து, என் இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். அதை நம்பினதுதான் தப்பு.

பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினேன். பழைய சைக்கிளின் பெடலையும் மாட்டிப் பார்த்தேன். செயின்ரிங் ஸ்குரூ நான்கையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். எழுந்து நின்றாலும் சத்தம் வந்ததால் சீட், சீட் போஸ்ட் பக்கம் போகவே இல்லை. செயினில் ஏதாவது கண்ணி இறுகியிருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கணக்கே பதில் சொல்லிவிட்டது. என் செயினில் 108 கண்ணி. 34 பல்லில் போனால் ஒரே கண்ணி திரும்பி வர மூன்று சுற்றுக்கு மேல் ஆகும். எனக்கோ ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்'. ஆக செயின் இல்லை. வீலும் அப்படித்தான். கியர் மாற்றினால் வீல் சுற்றுகிற எண்ணிக்கை மாறும், சத்தமோ கிராங்கோடுதான் ஒட்டிக்கொண்டு வந்தது. காலின் தாளத்தோடு வருகிற சத்தம் என்பதால் கிராங்க் பக்கம்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தவுக்கே ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "துக்கார் பிபி லா", பிபியை மாற்று என்றார். புது பிபி வாங்கி வந்து நானே மாட்டினேன். புது மாடலின் கப் சின்னது. பழைய 44 மில்லி கப்புக்கு வாங்கிய ஸ்பானர் அதில் உட்காராது, அடாப்டர் தனியாக வேண்டும். ஒரே சாமானுக்கு இத்தனை அளவு எதற்கு என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாட்டின அன்று சத்தம் போய்விட்டது. இரண்டு நாள் ராஜா மாதிரி சுற்றினேன். மூன்றாம் நாள், பத்து மாவோங் தாண்டினதும், 'டக்'.

இந்த இடம்தான் முக்கியம். பிபி மாற்றின அதே நாளில் பின் வீலையும் கழற்றி சைக்கிளை நன்றாகக் கழுவித் திரும்ப மாட்டியிருந்தேன். ஒரே நாளில் இரண்டு வேலை. சத்தம் நின்றதும் புது பிபிக்குப் பேர் கொடுத்துவிட்டேன், வீலைக் கழற்றினது ஞாபகத்துக்கே வரவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றைத் தொட வேண்டியது, ஏறிப் பார்க்க வேண்டியது, நோட்டில் எழுத வேண்டியது.

மச்சானிடம் அவன் பின் வீலைக் கேட்டேன். "எடுத்துக்க மச்சான், ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துரு, எனக்கு ரைடு இருக்கு" என்றான். அவன் வீல், அதிலிருக்கிற பல்சக்கர அடுக்கான கேசட், வீலை இறுக்குகிற குவிக் ரிலீஸ், மூன்றும் ஒன்றாக மாட்டினேன். முதல் நாள் சத்தம் இல்லை, மறுநாள் வந்துவிட்டது. ஸ்போக், ஃப்ரீஹப், லாக்ரிங், குவிக் ரிலீஸ் எல்லாம் ஒரே அடியில் பட்டியலிலிருந்து போனது. அதைவிடப் பெரிய துப்பும் கிடைத்தது: வீலைக் கழற்றி மாட்டினால் சத்தம் ஒன்றிரண்டு நாள் அடங்குகிறது. அப்படியானால் வீல் வந்து உட்காருகிற இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அன்று இரவு சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். பின் பிரேக்கை ரப்பர் பட்டையால் கட்டிவிட்டு, வலது பெடலைக் கிடையாக வைத்து, என் முழு எடையையும் ஏற்றி ஏற்றி எடுத்தேன். டக். டக். வீட்டுக்குள்ளேயே அதே சத்தம்! மகளைக் கூப்பிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பிரேம் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேட்கச் சொன்னேன். பிபி பக்கத்தில் வைத்தாள். "கேக்குதுப்பா, ஆனா தூரமா இருக்கு." சீட் ட்யூப். "இன்னும் கம்மி." பிபியிலிருந்து பின் வீலுக்குப் போகிற செயின்ஸ்டே குழாய் வழியாக ஒவ்வொரு சாணாகப் பின்னால் போனாள். கியர் மாற்றுகிற டெரெய்லர் தொங்குகிற இடத்தில் வைத்ததும் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். "அப்பா, இங்கதான். காதுக்குள்ள அடிக்குது."

ஹேங்கர்! டெரெய்லரை பிரேமோடு பிடித்திருக்கிற குட்டித் துண்டு. அலுமினியம் பிரேம் ஒரு வெறும் குழாய்தானே. பின்னால் ஒரு கோடியில் தட்டினால் நடுவில் கேட்கிறது. வலது காலுக்கு மட்டும் ஏன் என்பதற்கு என் கணிப்பு இது: அந்தக் கால் அழுத்தும்போது செயின் இழுவையும் பிரேம் வளைவும் ஒரே பக்கமாகச் சேர்ந்து விழுகிறது. என் பிரேமில் அச்சின் வலது முனை ஹேங்கர் மேல்தான் உட்காருகிறது. அதனால் அந்த இழுவை முழுக்க ஹேங்கருக்கும், பிரேமில் வீல் அச்சு உட்காருகிற டிராப்அவுட்டுக்கும் நடுவில்தான் போய் இறங்குகிறது.

டெரெய்லரை அவிழ்த்துத் தொங்கவிட்டு, ஹேங்கரைப் பிடித்திருக்கிற இரண்டு குட்டி ஸ்குரூவில் ஆலன் கீ வைத்தேன். ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று சுண்டுவிரலாலேயே அரைச் சுற்று சுற்றியது. ஹேங்கரை எடுத்துப் பார்த்தால், உள்பக்கம் மை மாதிரி கறுப்புப் பசை, ஓரத்தில் உப்பு போல வெள்ளைப் பொடி. அது அலுமினியம் பூத்தது. கடல் காற்றும், கழுத்திலிருந்து சொட்டுகிற வியர்வையும், மழையும் சேர்ந்த வேலை. பசையைத் துடைத்ததும் ஒரு ஐந்து காசு அளவுக்குப் பளபளவென்று ஒரு இடம். தேய்ந்து தேய்ந்து மினுங்கியிருந்தது. ஐந்து வாரம் என்னைத் தூங்கவிடாத சத்தம் அந்த ஐந்து காசு இடத்திலிருந்துதான் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்து இரண்டு பக்கமும் உலோகம் தெரிகிறவரை சுத்தம் செய்தேன். கிரீஸ் போடலாமா, காய்ந்தே மாட்டலாமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் போட்டேன். இந்த ஊர் காற்றில் உலோகமும் உலோகமும் வெறுமனே உரசினால் திரும்பவும் பூக்கும். ஆனால் நகத்தால் வழித்துப் பூசுகிற அளவுதான், அதற்கு மேல் போனால் மண்ணை இழுக்கும். ஸ்குரூ மரையில் கிரீஸ் படக்கூடாது. அங்கே மரை தளராமல் பிடிக்கிற நீல லாக்டைட் ஒரு சொட்டு. ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் கிளம்பினதுதான் மேலே சொன்ன தித்தி கெராவாங்.

கையோடு கை ஒரு ஸ்பேர் ஹேங்கரும் ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் அச்சு அசல் ஒன்றுதான், வந்ததில் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற தூரம் 1 மில்லி கூட. திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் பழைய ஹேங்கரைக் கழற்றி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஓட்டை நடுவிலிருந்து ஓட்டை நடுவுக்கு வெர்னியர் வைத்து அளந்து, அதை விற்கிறவருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள். பிரேமுக்கு பிரேம் வேறு.

வேலை இன்னும் முடியவில்லை. ஹேங்கரைக் கழற்றி மாட்டினதில் கொஞ்சம் கோணியிருக்கிறது போல. பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்திலிருந்து எண்ணினால் நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கும்போது ஒரு நொடி தயங்குகிறது. கேபிளைத் திருகி அதை மறைக்க எனக்கு மனசில்லை. மச்சானுக்குத் தெரிந்த ஒருவரிடம் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பார்க் டூல் டிஏஜி கேஜ் இருக்கிறது, சனிக்கிழமை வாங்கி வருகிறான். டயர் வால்வையே அடையாளமாக வைத்து, வீலையும் கேஜையும் சேர்த்துச் சுற்றி, மேல், கீழ், முன், பின் என்று நான்கு இடத்தில் ரிம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது நேரானால் அடுத்த ஞாயிறு தண்ணீர்மலை பக்கமிருந்து ஜீப் ரோட்டில் கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு. 5 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இந்த ஹேங்கருக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை பினாங்கில் கிடையாது. மகள் ரயிலில் ஏறி மேலே வந்து நிற்கிறேன் என்றிருக்கிறாள். ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுவருவாளாம்.