155 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு நெடுந்தூர வண்டி

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஆடி மாதத்தில் இருசக்கர வண்டியில் கடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் புரியும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது காற்று ஒரே சீராக அடிக்காது. லாரியை முந்தும்போது அதன் மறைவில் சட்டென்று நின்றுபோகும். லாரியின் முகப்பைத் தாண்டிய கணத்தில் பக்கவாட்டில் வந்து அறையும். பத்து ஆண்டுகளாக என்னிடம் இருந்த 150 சிசி வண்டி அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அரை ஆள் அகலத்துக்கு விலகி ஓடும். அம்மியே பறக்கும் காற்றில் அது என்ன செய்யும்! நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் எங்கே போனாலும் அந்த வழிதான். நெடுந்தூரத்துக்கென்று கனமான வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

நான் பள்ளி ஆசிரியை. வயது 47, உயரம் 155 சென்டிமீட்டர். அப்பாவின் டிவிஎஸ் 50-இல் ஓட்டக் கற்றவள். அரையாண்டு விடுமுறையில் கிடைக்கும் எட்டு ஒன்பது நாட்கள்தான் என் பயணக் காலம். 2024 ஆகஸ்டில் வண்டி பார்க்கத் தொடங்கினேன்.

கடைக்குத் தம்பியையும் அழைத்துப்போனது தவறாகிவிட்டது. விற்பனையாளர் குதிரைத்திறனையும் தவணையையும் அவனுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். "ஓட்டப்போவது அக்கா" என்று அவன் இரண்டு முறை சொல்லியும் பயனில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. அடுத்த கடைகளுக்குத் தனியாகவே போனேன்.

மனம் போனது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 மீது. கரடுமுரடான சாலைக்கும் ஏற்ற, உயரமான அட்வென்சர் வகை வண்டி அது. 452 சிசி, 17 லிட்டர் டேங்க், முன்னால் 21 அங்குலச் சக்கரம். எந்தச் சாலையானாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதைப் போல் நிற்கும் வண்டி. இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். ஏறி உட்கார்ந்தேன், கால் விரல்களின் நுனிதான் தரையைத் தொட்டது. பழகிவிடும் என்றார்கள். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது.

வடசேரியில் என் பழைய வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணாச்சிதான் நிறுத்தினார். "டீச்சர், ஓடுகிற வண்டியை யாரும் கீழே போட மாட்டார்கள். நிற்கிற வண்டியைத்தான் போடுவார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வைத்து ஓட்டுங்கள். நிறுத்துங்கள், தள்ளுங்கள், மேட்டில் திருப்புங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்."

கடைக்காரர்கள் தரும் சோதனை ஓட்டம் மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதில் வண்டியின் சத்தம் மட்டும்தான் தெரியும். ஆகவே பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனேன். அங்கே வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு வகை வண்டிகளை எடுத்துக்கொண்டு பொன்முடி ஏறினேன். 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை அது.

முதல் சனிக்கிழமை உயரமான அட்வென்சர் வகை வண்டி. ஏறும்போது அத்தனை சுகம். குழி வந்தால் காலூன்றி எழுந்து நிற்கலாம். சக்கரம் தானே தாண்டிப் போய்விடும். ஒரு வளைவின் நடுவில் மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. நின்றேன். சரிவு இருந்த பக்கம் இடது காலை இறக்கினேன். அங்கே தரை இல்லை, அதாவது என் காலுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. பிடித்து நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் விட்டுவிட்டு விலகிக்கொண்டேன். பஸ் நடத்துநர் இறங்கி வந்து தூக்க உதவினார். காயம் எதுவும் இல்லை. ஆனால் தனியாகப் போகிறவள், ஆளில்லாத இடத்தில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வேன் என்ற கேள்வி மலை இறங்கும் வரை கூடவே வந்தது.

அடுத்த சனிக்கிழமை எடுத்தது அதே நிறுவனத்தின் தாழ்வான மீட்டியோர் 350. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். எடை 191 கிலோ, கனம்தான். ஆனால் இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்தன. அந்த வேறுபாட்டை எண்ணில் பார்த்தால் ஆறு சென்டிமீட்டர். கொண்டை ஊசி வளைவில் நிற்கும்போது அது வேறொரு உலகம். இன்னொன்றையும் அன்று கற்றேன்: விவரத்தாளில் உள்ள உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஓட்டும்போது போடப்போகிற பூட்ஸோடு உட்கார்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மீட்டியோரின் இருபது குதிரைத்திறன் போதுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். டோமினார் 400 நாற்பது தருகிறதே என்றார்கள். நெடுஞ்சாலையில் நான் போவது 80, 85. அந்த வேகத்தில் எஞ்சின் திணறாமல், கைப்பிடி அதிராமல் நாள் முழுக்க ஓட வேண்டும். அதுதான் எனக்குத் தேவை. இந்த எஞ்சினின் அதிகபட்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 4000 சுற்றுகளிலேயே கிடைத்துவிடுகிறது. மலையில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. நாளுக்கு 500, 600 கிலோமீட்டர் விரட்டுகிறவர்களுக்கும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் இன்னும் வலுவான எஞ்சினைப் பார்ப்பதே சரி.

மீட்டியோரையே வாங்கினேன். டிசம்பரில் 66-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கர்நாடகத்தின் கோகர்ணம் வரை போனேன், நான்கு நாட்கள் போக, நான்கு நாட்கள் வர. கேரளத்தில் சாலையை ஆறு வழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாற்றுப்பாதை, ஜல்லி, புழுதி. இந்த வகை வண்டியில் கால்கள் சற்று முன்னே தள்ளி இருப்பதால் குழியில் எழுந்து நிற்பது எளிதல்ல. அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டின் அடியில் இறங்கும். கண்ணூர் போய்ச் சேர்ந்த இரவு குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். தாழ்ந்த இருக்கைக்கு நான் கொடுத்த விலை அது. மறுநாள் முதல் மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடந்தேன். வலி பாதியாகக் குறைந்தது.

டேங்கைப் பற்றி வாங்கும் முன் நான் கவலைப்பட்டது வீண். பதினைந்து லிட்டரில் நானூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகிறது. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் இல்லாத ஊரே இல்லை. நான் கவலைப்படாத டயர்தான் வேலை கொடுத்தது. மரவந்தேயில் ஒரு பக்கம் அரபிக்கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவே நெடுஞ்சாலை. அந்த அழகில் மயங்கி ஓரமாக நிறுத்தி இறங்கியபோது பின் டயரில் ஆணி. அலாய் சக்கரம், டியூப் இல்லாத டயர் என்பதால் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, கையோடு கொண்டுபோயிருந்த சிறிய பம்பால் காற்றடித்து, இருபது நிமிடத்தில் நானே சரிசெய்துவிட்டேன். கம்பிச் சக்கரமும் டியூபும் இருந்திருந்தால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருந்திருக்கும். தனியாகப் போகிறவர்கள் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் அண்ணாச்சி கற்றுத்தந்தார். வண்டியை முதல் கியரில் வைக்க வேண்டும், உருளாது. வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையில் இடுப்பை அண்டக் கொடுத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் போய் விழும். அவருடைய கடைக்குப் பின்னால் மணலில் என் வண்டியைப் படுக்கவைத்து மூன்று முறை தூக்கினேன். மூன்றாவது முறை அவர் பக்கத்தில்கூட நிற்கவில்லை, உள்ளே போய் வேறு வண்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இந்த அரையாண்டு விடுமுறைக்கு, அதே நெடுஞ்சாலை முடியும் மும்பை அருகிலுள்ள பன்வேல் வரை போவதாக இருக்கிறேன். பின் இருக்கையில் இருக்கும் பையை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். பாரம் மேலே இருந்தால் காற்றில் வண்டி ஆடுகிறது. அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி.