முதுகுக்குள் கருவி வைப்பதா?

2025 ஜூலை 8

டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது காலின் எரிச்சல் போகவில்லை. தொடையின் பின்பக்கம் தொடங்கி சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது. இன்று வலி மருத்துவர், மின்துடிப்பால் தண்டுவடத்தைத் தூண்டி வலியைத் தணிக்கும் ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் என்ற கருவியைப் பற்றிச் சொன்னார். தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகள், இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி. முதலில் கம்பியை மட்டும் ஊசி வழியே செலுத்தி, பேட்டரியை வெளியே வைத்து ஒரு வாரம் பார்ப்பார்களாம். வலி பாதியாவது குறைந்தால்தான் உள்ளே பொருத்துவார்கள்.

ஜூலை 10

படிக்கப் படிக்க ஆர்வமும் கவலையும் சேர்ந்தே வளர்கின்றன. தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால் வலிச்செய்திக்குத் தண்டுவடத்திலேயே வழி அடைபடும் என்று 1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதினார்கள். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான். 1967இல் அமெரிக்காவில் நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி இவ்வகை முதல் கருவியைப் பொருத்திவிட்டார்.

ஆனால் 2022இல் வெளியான நார்வே ஆய்வைப் படித்ததும் மனம் கனத்தது. என்னைப் போலவே முதுகு அறுவைக்குப் பின் கால்வலி நீடித்த 50 பேர். சோதனைக் காலத்தில் பலன் கண்டவர்கள். கருவி இயங்கிய மாதங்களுக்கும், அவர்கள் அறியாமல் நிறுத்தப்பட்டிருந்த மாதங்களுக்கும் இடையே அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் பயன்பட்டது பர்ஸ்ட் என்ற ஒருவகை மின்துடிப்பு மட்டுமே. மற்ற வகைகளுக்கும் இதே முடிவு என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஒரு வார நிம்மதியை நம்பி முதுகைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

ஜூலை 15

நரம்புவலிக்கு நான் சாப்பிடும் பிரிகாபலின் மாத்திரையின் அளவைக் கூட்டியதில் எரிச்சல் சற்று அடங்கியது. தலைசுற்றலும் கணுக்கால் வீக்கமும் வந்துவிட்டன. வகுப்பில் பாடத்தின் நடுவே சொல் மறந்து நிற்கிறேன்.

"மாத்திரையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம் என்றால் எப்படிங்க?" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்வி.

ஜூலை 19

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. கம்பி நகரலாம், நகர்ந்தால் சரிசெய்ய மீண்டும் அறுவை. கிருமித்தொற்று வந்தால் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்க மாடலைப் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. செலவோ பல லட்சம். அவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதால்தான் கருவியை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை.

ஜூலை 21

முடிவுக்கு வந்துவிட்டோம். நான் இன்னும் முயலாத, நரம்புவலிக்கான இன்னொரு மருந்தான டுலோக்செடினும், விட்டுப்போன பிசியோதெரபியும் தீபாவளி வரை. குறையாவிட்டால் சோதனைக் கம்பி. அப்போதும் பத்துக்கு எத்தனை வலி என்ற கணக்கோடு நிறுத்தமாட்டேன். ஒரு பாடவேளை முழுதும் கரும்பலகை முன் நிற்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, இடையில் விழிக்காமல் தூங்குகிறேனா என்று நானும் மனைவியும் தனித்தனியாக எழுதப்போகிறோம். மருத்துவரும் இதற்குச் சம்மதித்தார். பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதால், படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதித் தந்திருக்கிறார். நாளை காலை முதல் டுலோக்செடின்.