ஆயில் ஊற்றிய பிறகும் கேட்கும் சத்தம்

கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து சத்தம் வந்தது, ஆயில் ஊற்றியதும் சத்தம் குறைந்துவிட்டது, அதோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாகிவிடும். சத்தம் அடியோடு நின்றிருந்தால் சந்தோஷம்தான். பாதியாகக் குறைந்திருந்தால் அந்த மிச்சப் பாதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். என் வண்டியில் நடந்ததை வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் பழைய கார். கையால் போடும் ஐந்து கியர். கியர் பாக்ஸும், வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், இரண்டுக்கும் ஒரே ஆயில். இடதுபக்கச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) விட்டுப்போய், அந்த வழியாகத்தான் ஆயில் வெளியேறியிருந்தது. இந்த ஒழுகல் பலர் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி ஓடும்போது சுழலும் ஷாஃப்ட், கசிகிற ஆயிலை நாலாபக்கமும் வீசியடித்துவிடும். நிற்கும் வண்டிக்கு அடியில் தேங்கி நிற்கிற அளவுக்குச் சொட்டாது. சக்கரத்தின் உள்பக்கமும் அதைச் சுற்றிய பாகங்களும் அழுக்கு படிந்து பிசுபிசுவென்று இருக்கும், அவ்வளவுதான். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தால் கியர் ஆயிலை அடையாளம் கண்டுவிடலாம். அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகக் கலவைகளால் அதற்கென்று ஒரு நெடி உண்டு. இன்ஜின் ஆயிலிலும் பிரேக் ஆயிலிலும் அந்த நெடி வராது.

இன்னொன்று, இன்ஜினில் ஆயில் அழுத்தம் இறங்கினால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். சாதாரண மேனுவல் கியர் பாக்ஸுக்கு அப்படி ஒரு விளக்கே கிடையாது. ஆயிலைப் பார்க்க டிப் ஸ்டிக்கும் பெரும்பாலான வண்டிகளில் இருக்காது. ஆகவே ஓட்டுகிறவருக்கு வரும் முதல் தகவலே சத்தம்தான். அந்தச் சத்தம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே ஏதோ ஒன்று ஏற்கெனவே காய்ந்து ஓடியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஏன் காய்கிறது? பெரும்பாலான கார் கியர் பாக்ஸ்களில் ஆயில் பம்ப் இல்லை. அடியில் தேங்கியிருக்கும் ஆயிலில் கீழ்ப்பக்கப் பற்சக்கரங்கள் முங்கிச் சுழன்று, மேலே அள்ளித் தெளிக்கின்றன. அந்தத் தெளிப்பை நம்பித்தான் மேலே உள்ள ஷாஃப்ட்டும் அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகளும் உயிர் வாழ்கின்றன. மட்டம் இறங்கினால் கீழே இருப்பவற்றுக்குக் கொஞ்சமாவது கிடைக்கும், தொலைவில் இருப்பவைதான் முதலில் பட்டினி கிடக்கும். என் வண்டியைப் போன்ற பல கியர் பாக்ஸ்களில் ஐந்தாவது கியர் ஜோடி மட்டும் முதன்மைக் கூட்டுக்கு வெளியே, ஓரத்தில் ஒரு தனி மூடிக்குள் இருக்கும். அங்கே ஆயில் எட்டுவதே கடைசியில்தான். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் அதிக வேகத்தில் ஓட்டுவதும் அந்த ஐந்தாவது கியரில்தான். எனக்கு முதலில் கேட்டதும் ஐந்தாவதில் மெல்லிய ஊளைதான். பிறகு அதோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது.

பேரிங்குக்குள் குண்டுகளுக்கும் அவை ஓடும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் மிக மெல்லியது. அது அறுந்தால் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசிச் சூடேறும், மேற்பரப்பில் பொடிப்பொடியான குழிகள் விழும். குழியின் விளிம்பு உதிர்ந்து அந்தத் தூள் ஆயிலில் கலந்து, அடுத்த பேரிங்குக்கும் போகும். இந்த நிலையில் புது ஆயில் ஊற்றினால் படலம் திரும்ப உருவாகும், சத்தம் இறங்கும். ஆனால் குழி குழியாகவேதான் இருக்கும். சாலைப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் இறங்கும்போது தெரியும். அப்படித்தான் இதுவும்.

சரி, மிச்சமிருக்கும் சத்தம் எதனுடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கியர் பாக்ஸைக் கழற்றாமலே நிறைய தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இப்போது இன்ஜினிலிருந்து விசையை வாங்கும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் நின்றிருக்கும். பிறகு கிளட்சை முழுதாக மிதித்து ஓரிரு நொடி பொறுத்தால் இன்புட் ஷாஃப்ட்டும் நின்றுவிடும். மிதித்ததும் கரகரப்பு அடங்கி, காலை எடுத்ததும் திரும்ப வந்தால் சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். நேர்மாறாக, மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் அது, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்காக இருக்கலாம். அது கியர் பாக்ஸ் ஆயிலில் ஓடுவதில்லை, ஒழுகலோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். நியூட்ரலில் லேசாகக் கலகலவென்று கேட்பது சில நல்ல கியர் பாக்ஸ்களிலும் உண்டு. அதைக் கரகரப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஓடும்போது ஒவ்வொரு கியராகக் கேளுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த ஜோடிப் பற்கள். எல்லாக் கியரிலும் கேட்டு, வண்டி வேகத்தோடு ஏறி இறங்கினால் வெளியேறும் ஷாஃப்ட்டின் பேரிங், டிஃபரன்ஷியல் பேரிங், அல்லது சக்கர பேரிங். மெதுவாக வளைக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங்தான். பின்சக்கர இயக்க வண்டிகளில் இன்னொரு நல்ல துப்பு உண்டு. பழைய முறை கியர் பாக்ஸில் நான்காவது கியர் நேரடி இணைப்பு. விசை நேராக வெளியேறும் ஷாஃப்ட்டுக்குப் போய்விடும், அடியில் இணையாக ஓடும் கீழ் ஷாஃப்ட் வழியாகப் போகாது. மற்ற கியர்களில் உறுமிவிட்டு நான்காவதில் அமைதியானால் கீழ் ஷாஃப்ட்டின் பேரிங்குகளைப் பாருங்கள்.

என் வண்டியில் நியூட்ரலில் கரகரப்பு இருந்தது, கிளட்ச் மிதித்தால் நின்றது. ஐந்தாவதில் ஊளையும் இருந்தது. ஆக, இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

அடுத்து ஆயிலை வடித்துப் பார்த்தோம். இங்கே ஒரு விஷயம். வடிப்பதற்கு முன்னால், நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வருஷமாகத் தொடாத பிளக் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஆயிலை வடித்த பிறகு நிரப்ப வழியில்லாமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிகாலில் உள்ள பிளக்கில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மெழுகுபோல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் செதில்கள், பல்லின் துண்டுகள் என்றால் பேச்சே இல்லை, திறக்க வேண்டியதுதான். ஆயிலில் பொன் நிறத் தூள் மினுங்கினால் அது, கியர் மாற்றும்போது பற்சக்கரத்தின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சின்க்ரோனைசர் வளையங்களிலிருந்து வருவது, காந்தம் அதைப் பிடிக்காது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. என்னுடையதில் பசையோடு மெல்லிய எஃகுச் செதில்களும் இருந்தன.

எந்த ஆயில் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கெட்டியானது நல்லது என்று நினைத்துக் கிடைத்ததை ஊற்றக் கூடாது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் சில வகைகளில் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வழுக்கல் அதிகமாகி, கியர் போடும்போது வளையம் பிடிக்காமல் நெரியவும் செய்யும். சில கியர் பாக்ஸ்கள் 75டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மையுள்ள ஆயிலைக் கேட்கும், சில ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயிலையே கேட்கும். பல வண்டிகளில் மட்டம் பார்ப்பது எளிது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பக்கவாட்டுத் துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்ற வேண்டும்.

சத்தத்தை அமுக்க இன்னும் கெட்டியான ஆயில், ஏதாவது ஒரு மருந்து பாட்டில் என்று யோசனை சொல்ல ஆட்கள் உண்டு. பழைய வண்டியை விற்பதற்காகக் கியர் பாக்ஸில் மரத்தூள் போட்டுச் சத்தத்தை மறைத்த காலம் இருந்தது. இதை நான் மனதார வெறுக்கிறேன். ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கையை வாயடைத்து அனுப்புகிற வேலை அது. பேரிங் முழுசாக உடைந்தால் ஷாஃப்ட் இடம் மாறி, பற்கள் சரியாகப் பொருந்தாமல் நொறுங்கும். கூடு விரிசல் விடலாம். ஓடும்போது இறுகிப் பூட்டிக்கொண்டால் சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தபோது இன்புட் ஷாஃப்ட் பேரிங்கின் வளையத்தில் குழிகள் நகத்துக்கே தட்டுப்பட்டன. ஐந்தாவது ஜோடியின் பற்களில் உரசிய கோடுகள், வெப்பத்தால் நிறம் மாறிய திட்டுகள். மெக்கானிக் அண்ணன் அந்த ஒரு பேரிங்கோடு நிறுத்தவில்லை. தூள் எல்லா இடத்துக்கும் போயிருக்கும் என்று சொல்லி எல்லாப் பேரிங்குகளையும் மாற்றச் சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பற்சக்கரத்தை மாற்றும்போது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் மறுபடி ஊளைதான். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும் நேரத்தில் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். திரும்ப இறக்குவதற்கான உழைப்பு மிச்சம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒழுகியதற்கான காரணத்தைத் தேடினோம். புது சீல் போட்டால் போதும் என்று விட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே ஒழுகியிருக்கும். சீலின் உதடு உரசும் இடத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தது, அதனால் அந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. மேலே இருக்கும் சின்னக் காற்றுப்போக்கியும் மண்ணால் அடைபட்டிருந்தது. கியர் பாக்ஸ் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்த வழியாக வெளியேற வேண்டும். அது அடைபட்டால் அழுத்தம் சீல்களைத்தான் தள்ளும். கவனித்துத் துடைத்தால் தீர்ந்துபோகிற விஷயம் அது.

இப்போது நியூட்ரலில் கரகரப்பு இல்லை. ஐந்தாவதில் ஊளையும் இல்லை. கொஞ்ச தூரம் ஓடியபின் ஆயிலை ஒருமுறை வடித்து மாற்றினோம், கழுவியும் எங்காவது தங்கியிருந்த தூள் வெளியேறட்டும் என்று.

ஒழுகிக் காலியான வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஓட்டாதீர்கள். நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுப்பதும் தப்புதான். முன்சக்கரங்கள் உருண்டால் ஆயில் இல்லாத டிஃபரன்ஷியலும் அதோடு கோத்த ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றும். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள், அல்லது முழு வண்டியையும் லாரியில் ஏற்றுங்கள். பின்சக்கர இயக்க வண்டி என்றால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், இல்லையேல் கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் விசை கொண்டுபோகும் நீண்ட தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். அந்த வகையில் ஆயில் நிறைய இருந்தாலும் தொலைதூரம் இழுப்பது ஆபத்து. இன்ஜின் நின்றிருந்தால் ஆயிலை அள்ளித் தெளிக்கும் கீழ் ஷாஃப்ட் நியூட்ரலில் சுற்றாது, மேல் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும்.