குழுவின் வரலாற்றை எழுதுவதற்குப் பட்ட பாடு

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், டிஸ்க் என்ற பிளாஸ்டிக் தட்டை வீசிப் பிடிக்கும் அல்டிமேட் ஃப்ரிஸ்பி ஆடும் எங்கள் குழுவின் வரலாறு ஒருவழியாக எழுதி முடிந்து, மானியம் கேட்கும் கெர்தாஸ் கெர்ஜாவோடு (திட்ட விண்ணப்பத்தோடு) உள்ளே போய்விட்டது. ஆட்டக்காரர் பட்டியல், ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு எல்லாம் சிக்கலில்லாமல் சேர்ந்தன. உயிரை எடுத்தது 'லாத்தார் பெலாக்காங்', அதாவது குழுவின் பின்னணி என்ற அந்த ஒரு பக்கம்தான்.

சிக்கல் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே தொடங்குகிறது. அல்டிமேட்டில் நடுவர் இல்லை. ஃபவுலைக்கூடத் திடலில் நிற்பவர்களே சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஆகவே நடுவர் அறிக்கை என்று எந்தக் கோப்பிலும் ஒன்றும் தேறாது. ஆட்டப் பண்புக்கு அணிகள் ஒன்றுக்கொன்று போடும் ஸ்பிரிட் மதிப்பெண் தாள் இருக்கிறதே என்பீர்கள். விதியறிவு, ஃபவுலும் உடல் மோதலும், நியாய உணர்வு, மனப்பாங்கு, பேச்சு என்று ஐந்து பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஆனால் நமக்கு மதிப்பெண் போடுவது எதிரணி. தாள் போவது ஏற்பாட்டாளரிடம். போட்டி முடிந்த வாரமே கேட்டால் கிடைக்கும். வருடங்கள் கழித்துக் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள்.

அடுத்து படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதி அழிந்துவிடும். கோப்பின் பெயரில் தெரியும் தேதி, படம் அந்தப் போனுக்கு வந்த நாள்தான். பழைய ஆட்டம் ஒன்றை யாரோ பின்னாளில் அனுப்ப, அந்த வருடமே வரலாறாகப் பதிந்துவிடுகிறது. எடுத்தவரிடமே மூலப் படத்தைக் கேளுங்கள். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னால் தேதி தப்பிக்கும்.

ஜெர்சியையும் டிஸ்கையும் அப்படியே நம்பக்கூடாது. போட்டிப் பெயரும் வருடமும் அச்சடித்த 175 கிராம் டிஸ்க் வீட்டில் இருந்தால், அந்தப் போட்டியில் ஆடினோம் என்று ஆகிவிடாது. அணிகள் ஜெர்சியையும் டிஸ்கையும் மாற்றிக்கொள்வது இந்த ஆட்டத்தில் சாதாரண வழக்கம். 'பத்தாங் பெர்ஜுந்தை' என்று போட்ட ஜெர்சி இன்னொரு பொறி. அது பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர்; ஊர்ப் பெயர் 2007-ல் மாறியது, ஆகவே குழு அதற்கு முந்தியது என்று கணக்குப் போடத் தோன்றும். இங்கே பாதிப் பேர் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்!

ஆட்களிடம் 'எந்த வருடம்?' என்று கேட்டால் பதில் வராது. 'நீ எஸ்பிஎம் எழுதுவதற்கு முன்பா, பின்பா?' என்று பள்ளி இறுதித் தேர்வை வைத்துக் கேளுங்கள், உடனே வரும். தோட்டத்து லைன் வீட்டிலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறியது, பக்கத்துத் தோட்டக் காட்டில் மறுநடவு நடந்தது, இவையும் நல்ல அடையாளங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, முதல் தடவை கொடுத்தபோது மானிய விண்ணப்பக் கவுண்டரில் தாளைத் திருப்பிவிட்டார்கள். 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி கிடைத்த பதிவுச் சான்றிதழில் ஒரு தேதி, வரலாற்றில் அதற்கு முந்திய தொடக்க வருடம். 'இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்' என்று பிடிவாதம். அதற்காகப் பதிவுக்கு முன்பு ஆடியவர்களின் உழைப்பை அடித்துவிட முடியுமா? அவ்வளவு தூரம் போய் வந்தது வீண். தீர்வு சின்னதுதான்: 'ஆடத் தொடங்கியது', 'பதிவானது' என்று இரண்டு தனி வரி. மறுபடி கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் முத்திரை விழுந்தது.

'ஒலிம்பிக் விளையாட்டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பலர் எழுதுகிறார்கள். அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2015 ஆகஸ்டில் இந்த ஆட்டத்தின் உலகச் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது, அவ்வளவே. ஒலிம்பிக் போட்டியில் இந்த ஆட்டம் இன்னும் சேரவில்லை. 1968-ல் நியூ ஜெர்சியில், மேப்பிள்வுட் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய ஆட்டம் என்பதற்கு ஒரு வரி போதும். மீதி இடம் நம் ஆட்களுக்கு.

இனி ஸ்கோர் ஷீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். இங்கே சாயங்கால மழையில் பல பேனாக்களின் மை கரைந்துவிடும். திடலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே படம் எடுத்து, இரண்டு பேரிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் கேப்டனாக இருக்கவேண்டாம். கேப்டன்கள்தான் முதலில் வேலைக்கென்று கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள்.