என் கம்யூனிகேட்டர் வெள்ளிக் கலர்தான்

ஸ்டார் ட்ரெக்னு ஒரு அமெரிக்க விண்வெளி சீரியல், அதுல டாக்டர் மெக்காய் பேஷன்ட் மேல ஒரு சின்ன உருளையை ஆட்டி ஆட்டி ஸ்கேன் பண்ணுவாரே, அந்தக் கருவிகள்ல சிலது நிஜத்துல சாப்பாட்டு மேசை உப்புக் குடுவைன்னு போன மாசம்தான் படிச்சேன், படிச்சதுல இருந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு ஒரே துடிப்பு, வீட்ல சொன்னா "ஓ அப்படியா"ன்னுட்டு போயிடுவாங்க. 1966ல வந்த முதல் எபிசோட்ல உப்புக்கு அலையிற ஒரு ஜந்து வரும். அதுக்காக எதிர்காலத்து உப்புக் குடுவை மாதிரி இருக்கட்டும்னு வித்தியாசமான டிசைன்ல வாங்கிட்டு வந்திருக்காங்க, அப்புறம் பாத்தா இது உப்புக் குடுவைன்னு ஜனங்களுக்குப் புரியவே புரியாதுன்னு தோணிருக்கு, சரி காசு கொடுத்து வாங்கினதை எதுக்கு வீணாக்கணும்னு டாக்டர் கைல கொடுத்துட்டாங்க. இவ்ளோதான் கதை. நம்ம வீட்டு அம்மாக்கள் பண்ற வேலைதான்.

எனக்கு ஏன் இதுல இவ்ளோ சந்தோஷம்னா, எண்பதுகள்ல நானும் எங்கண்ணனும் அயனாவரத்துல இதே தொழில்தான் பண்ணிட்டு இருந்தோம். ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல ஸ்டார் ட்ரெக் போடுவான், எங்க வீட்ல டயனோரா பிளாக் அண்ட் ஒயிட், இங்கிலீஷ் வசனத்துல முக்கால்வாசி புரியாது, ஆனா கேப்டன் கிர்க் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினா கம்யூனிகேட்டர்ங்கிற கையடக்கப் பேசுற கருவியோட மூடி டக்னு திறந்துக்கும் பாருங்க, அது நல்லாப் புரிஞ்சுது. கீல் வச்ச பிளாஸ்டிக் சோப்பு டப்பா, செத்துப்போன ரேடியோவோட ஸ்பீக்கர் ஜாலி, மூணு சட்டை பட்டன், கேட்டுக்கு அடிச்சு மிச்சமான சில்வர் பெயிண்ட், கம்யூனிகேட்டர் ரெடி. "டேய், ஊருக்குப் போறப்ப சோப்பு எதுலடா எடுத்துட்டு போறது?"ன்னு அம்மா கேட்டதுக்கு அண்ணன் "இதுலயே வைம்மா, ஸ்பேஸ்ல எல்லாம் அப்படித்தான்"னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டான். அப்புறம் பத்தாங்கிளாஸ் வந்துது, எல்லாம் காயலாங்கடைக்குப் போச்சு.

இப்ப பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குன்னு வாங்கின த்ரீடி பிரின்டர் வீட்ல சும்மா கிடந்துது. மொபைல் ஸ்டாண்டு போட்டாச்சு, கீசெயின் போட்டாச்சு, அடுத்து என்னன்னு தேடுறப்ப கம்யூனிகேட்டர் டிசைன் ஒண்ணு ஃப்ரீயா கிடைச்சுது. அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன்.

ஒரிஜினலை டிசைன் பண்ணி செஞ்சவர் வா சாங்னு ஒரு சிற்பி, ட்ரைகார்டர்னு அதுல வர்ற ஸ்கேன் கருவியும் அவர் கைதான். யூனியன்ல மெம்பர் இல்லாததால சீரியல்ல அவர் பேரே வராது, இது எனக்கு இப்பவும் கடுப்பா இருக்கு. குளோசப்புக்குன்னு செஞ்ச பீஸ்ல வட்டமா ஒரு டிஸ்ப்ளே, அதுக்குள்ள கோடு கோடா அலை ஓடும். கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணும் கிடையாது, கோடு போட்ட தகடு ஒண்ணு மேல ஒண்ணு, உள்ள ஒரு ஸ்டாப்வாட்ச் மெக்கானிசம் அதைச் சுத்தவிடும். நான் என்ன பண்ணேன்னா, நடுவுல இருந்து சுத்தி கிளம்புற மாதிரி நெருக்கமா கோடு வரைஞ்சு, ஜெராக்ஸ் கடைல ஓஹெச்பி ஷீட்ல, அதான் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்ல, ரெண்டு காப்பி எடுத்தேன். ஒண்ணை ஒட்டியாச்சு, இன்னொண்ணை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின குட்டி கியர் மோட்டார்ல மாட்டி, ரெண்டோட நடுப்புள்ளியும் நேரா இல்லாம ஒரு மயிரிழை தள்ளி வச்சேன். மோட்டார் சுத்த ஆரம்பிச்சதும் பாக்கணுமே, ஷீட்ல வரைஞ்சது எல்லாமே நேர்க்கோடு, கண்ணுக்குத் தெரியிறது பூரா வளைஞ்சு வளைஞ்சு ஊர்ற கோடு. நானே செஞ்சதுன்னாலும் உத்து உத்து பாத்துட்டு இருந்தேன், சாப்பாடு ஆறிப்போச்சு.

ஆனா உயிரே கீல்லதான் இருக்கு. டைட்டா இருந்தா சுண்டினா திறக்காது, லூசா இருந்தா பாக்கெட்லயே திறந்துக்கும். பிரின்டர்ல போட்ட பிளாஸ்டிக் கீல் சொரசொரன்னு உரசும், சரியே வராது. பழைய குடைக்கம்பியை வெட்டி ஊசியா சொருகி, மூடி நுனில உள்பக்கமா ஒரு துண்டு பித்தளைத் தகடு வெயிட்டுக்கு ஒட்டினேன், இப்ப மணிக்கட்டை சுண்டினா அதுவா போய் நிக்குது.

பாடிக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை இருக்கே, அது கொடுமை. லேயர் லேயரா வரி தெரியும், 120ல ஆரம்பிச்சு 220, 400னு போகணும், நடுவுல பட்டி பாக்கணும், ப்ரைமர் அடிக்கணும், மறுபடியும் தேய்க்கணும். கடைசில பெயின்ட்டை மட்டும் பக்கத்து தெரு டிங்கரிங் ஒர்க்ஷாப்ல கொடுத்தேன். கார் பம்பருக்கு டூக்கோ அடிச்சிட்டு இருந்த அண்ணன் திருப்பித் திருப்பி பாத்துட்டு "சார், இது மேக்கப் பெட்டியா?"ன்னார். வெளக்கினேன். "அப்ப போன் பேசலாமா?" இல்லண்ணே. "பின்ன எதுக்கு சார்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அவரும் மேல கேக்காம கறுப்பு அடிச்சுக் கொடுத்தார், சூப்பரா அடிச்சார்.

திரைல வர்ற சாமானை வீட்ல செய்ற இந்த ஹாபில ஊறினவங்க பேசுறதெல்லாம் ஸ்கிரீன் ஆக்யூரேட். திரைல வந்தது எப்படியோ அச்சு அசல் அப்படியே இருக்கணும், ஸ்க்ரூ தலை உட்பட. அவங்க கணக்குப்படி கம்யூனிகேட்டர் மூடி தங்கக் கலர். நிஜம்தான், கலர்ல பாத்தா பளபளன்னு தங்கம். ஆனா எந்த ஸ்கிரீன்ங்கிறதுதான் என் கேள்வி. எங்க டயனோரால தங்கம் கிடையாது, சாம்பல்தான், அது வெள்ளின்னு நானும் அண்ணனும் முடிவு பண்ணதுதான். அதனால என் மூடி வெள்ளி. போட்டோ அனுப்பினா தெரிஞ்சவங்க எல்லாம் "கலர் தப்பு"ங்கிறாங்க, அண்ணன் மட்டும் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி "பட்டன் ஏன்டா சட்டை பட்டன் இல்ல?"ன்னு சண்டை போட்டான்.

அசல்னு பாத்தா ஸ்டார் வார்ஸ் படம் பக்கம் இன்னும் கூத்து. ஹீரோ ல்யூக் வச்சிருக்கிற லைட்சேபர், அதான் ஒளிவாள், அதோட கைப்பிடி பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷோட பேட்டரி குழல். செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் லண்டன்ல ஒரு கேமரா கடைல அதைக் கண்டுபிடிச்சு, பிடிக்கு கறுப்பு பட்டை ஒட்டி, கால்குலேட்டர் டிஸ்ப்ளேல இருந்து எடுத்த ஒரு துண்டை சொருகி முடிச்சிட்டார். அந்தப் படத்துக்கு ஆர்ட் டைரக்‌ஷன் ஆஸ்கார் வாங்கின டீம்ல அவரும் ஒருத்தர். இப்ப ரசிகர்கள் அந்த ஃப்ளாஷ் குழலையே தேடித் தேடி வாங்கி, வெலை எங்கயோ போயிடுச்சு. கண்ணுல பட்டதை எடுத்து ஒட்டின ஆளுக்கு, அதே பொருள்தான் வேணும்னு காசைக் கொட்டுறதா மரியாதை? எனக்கு ஒப்பல. அவர் பண்ண மாதிரி கடை கடையா தேடுறதுலதான் சுகமே இருக்கு.

அதனால அடுத்து அதே படத்துல வர்ற பெரியவர் ஓபி வானோட லைட்சேபர். அது இன்னும் கலப்படம், முதல் உலகப்போர் ரைஃபிள் கிரனேடு, ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இஞ்சின் குழாய், அடில ஒரு பாத்ரூம் குழாய்த் திருகு. திருகு தேடி புரசைவாக்கத்துல ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். "தலை மட்டும் போதும்ணே, குழாய் வேணாம்." "குழாய் இல்லாம தலையை வச்சு என்ன சார் திறப்பீங்க?"ன்னு சிரிச்சுட்டே ரெண்டு எடுத்துக் கொடுத்தார். ஜெட் இஞ்சின் பார்ட்டுக்கு நான் எங்க போறது, புதுப்பேட்டைல புல்லட் பைக் சைலன்சர் முனை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், கடைக்காரர் சொல்ற வெலைதான் கொஞ்சம் ஜாஸ்தி, அடுத்த வாரம் போய் பேசிப் பாக்கணும்.